பின்கட்டை நீட்டினால் மின்கட்டணம் ஏறுவது ஏன்?



தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வரிசை வீட்டுக்குக் குடிவந்த நம்மவர், கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் செய்கின்ற முதல் வேலை, பின்புறம் சமையற்கட்டை நீட்டுவதுதான். மருமகள் வருகிறாள், பேரப்பிள்ளை பிறக்கிறது, இடம் வேண்டும். அதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால், அதன்பின் மின்சார பில் ஏறுகிறதே! “புது அறைக்கு ஒரு விளக்கு கூடிற்று” என்பார்கள். காரணம் புது அறையில் மட்டும் இல்லை. பழைய அறையில்தான் பெரிதும் இருக்கிறது.

வரிசையின் நடுவே உள்ள வீட்டுக்கு இருபக்கமும் பொதுச்சுவர். காற்றும் வெளிச்சமும் முன்னும் பின்னுமே வரவேண்டும். பின்கட்டை மூடி நீட்டியதும், பின்னறைச் சன்னல் வானத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்க்கிறது.

நம்மிடம் படித்த மாணவி ஒருத்தியின் வீட்டுக்குப் போயிருந்தோம். நண்பகலில் அவள் மகன் விளக்கைப் போட்டுக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதினான். வேர்வை நோட்டில் சொட்டியது. தவணைக்கு ஏர்கோன் வாங்கப் போவதாகச் சொன்னாள். கணக்குப் போட்டுக் காட்டினோம். 70 வாட் காற்றாடி ஏறத்தாழ 14 மணி நேரம் சுழன்றால்தான் ஒரு யூனிட். 800 வாட் இழுக்கும் ஏர்கோனுக்கு அந்த ஒரு யூனிட் ஒன்றேகால் மணிக்குத்தான் வரும்.

நம் நாட்டில் 1984ஆம் ஆண்டுக் கட்டடத் துணைவிதிகள், அறையின் தரைப்பரப்பில் நூற்றுக்குப் பத்துப் பங்காவது சன்னல் இருக்கவேண்டும், ஐந்து பங்காவது தடையின்றிக் காற்று வரவேண்டும் என்கின்றன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்குச் சன்னல் 12 சதுர அடி. காற்றுவழி 6 சதுர அடி. ஊராட்சி மன்றத்தில் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்கச் சொல்வது வீண் அலைச்சலன்று.

கட்டுமுன் பழைய சுவருக்கும் புதுக் கூரைக்கும் இடையே கொஞ்சம் ஆகாயம் விடுங்கள். திருட்டுப் பயத்துக்கு மேலே இரும்புக் கம்பி போடலாம்; மழைநீர் ஓடச் சிறு கால்வாய் போதும். வெறும் தகரத்தின் கீழே கூரைத்தட்டு அடித்தால் உச்சிவெயில் நேரே தலையில் இறங்காது. குளிர்பெட்டியை அடுப்போரம் வைக்கவேண்டாம். சூட்டில் அது ஓய்வின்றி ஓடும். கண்ணாடித் தகடு வெளிச்சம் தரும், காற்றுத் தராது. ஆகவே சுவர் உச்சியில் துளைக்கற்களும் வேண்டும்.

அந்த மாணவி வீட்டில் சன்னலுக்கு மேலிருந்த தகரத்தை மூன்றடி வெட்டிவிட்டார்கள். ஏர்கோன் இன்னும் கடையில்தான் இருக்கிறது.