வைரஸை எந்த அளவுக்கு வலுவிழக்கச் செய்வது?

டெல்லி, புனே போன்ற நகரங்களில் ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சத்தில் இருக்கும் ஃப்ளூ காய்ச்சல், சென்னையில் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில் உச்சமடைவதால், இங்கு செப்டம்பருக்குள் தடுப்பு மருந்து எடுத்துக்கொள்வதே பொருத்தம். அந்தக் கெடு நெருங்கும் வேளையில், மூக்கில் தெளிக்கும் மருந்தின் உயிருள்ள வைரஸே காய்ச்சலைக் கொண்டுவராதா என்று மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வாசகர்களின் கடிதங்கள் கேட்கின்றன.

‘வலுவிழக்கச் செய்யப்பட்டது, ஆகவே பாதுகாப்பானது’ என்பது அதிகாரபூர்வ விளக்கங்கள் வழக்கமாகத் தரும் விடை. எவ்வளவு வலுவிழக்கச் செய்யப்பட்டது என்பதை அது சொல்வதில்லை. புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட், பன்றிக்காய்ச்சலுக்கு எதிராக 2010-இல் வெளியிட்ட நாசோவேக் தெளிப்பு மருந்து, ஏ/லெனின்கிராட்/134/17/57 என்னும் ரஷ்ய வைரஸை அடித்தளமாகக் கொண்டது. கோழிமுட்டைக் கருவில் 25 டிகிரி செல்சியஸ் குளிரில் 17 முறை அடுத்தடுத்து வளர்க்கப்பட்டதால் (பெயரிலுள்ள 17 அதுவே), அது மூக்கின் குளுமையில் பெருகும், நுரையீரலின் வெப்பத்தில் திணறும். புதிய வைரஸையும் இதையும் ஒரே முட்டையில் செலுத்தும்போது, இரண்டின் எட்டெட்டு மரபணுத் துண்டுகளும் சீட்டுக்கட்டுபோலக் கலைகின்றன. பழைய மேலுறை தரித்தவற்றை எதிர்ப்புப் பொருளாலும், குளிர் தாங்காதவற்றைத் தாழ்வெப்பத்தாலும் கழித்துவிட்டு, மேலுறைக்கான இரண்டு துண்டுகளைப் புதியதிலிருந்தும் மற்ற ஆறையும் பழையதிலிருந்தும் பெற்ற வைரஸைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

சாதுரியமான ஏற்பாடுதான், ஆனால் மூக்கில் ஓரளவேனும் பெருகாத வைரஸ் உடலுக்கு எதையும் கற்றுத்தராது. அமெரிக்காவில், வேறொரு அடித்தள வைரஸைக் கொண்ட தெளிப்பு மருந்து 2015-16 பருவத்தில் 2 முதல் 17 வயதினருக்கு 3 சதவீதப் பாதுகாப்பே அளித்தது, சாதாரண ஊசியோ 63 சதவீதம் அளித்தது. அதனால் 2016-இல் கைவிடப்பட்ட அம்மருந்துக்கு, பன்றிக்காய்ச்சல் கூறை மாற்றிய பிறகு, 2018-இல்தான் மறுபடி பரிந்துரை கிடைத்தது. புனே நிறுவனத்தின் மருந்தே வங்கதேசக் குழந்தைகளிடம் ஏறத்தாழ 58 சதவீதப் பலன் தந்து, செனகலில் பலனேதும் காட்டாமல் போனதை, ‘பாதுகாப்பானது’ என்ற ஒற்றைச் சொல்லால் விளக்கிவிட முடியாது.

காய்ச்சல் வருமா? மூக்கொழுகலும் லேசான காய்ச்சலும் வரலாம். முழு ஃப்ளூ வராது.

கர்ப்பிணிகள்? தெளிப்பு மருந்து கூடாது, செயலிழந்த வைரஸ் கொண்ட ஊசி போடலாம்.

கைக்குழந்தைகள்? இரண்டு வயதுக்குட்பட்டோருக்குத் தெளிப்பு மருந்து இல்லை.

இலவசமா? தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ஃப்ளூ இடம்பெறவில்லை.

ஆண்டுதோறுமா? ஆம்.