பங்குனி ஆமையும் பையனின் நோட்டுப் புத்தகமும்

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பொழுது புலரும் வேளையில், என்னிடம் படிக்கும் பிள்ளைகள் ஐந்தாறு பேரை அழைத்துக்கொண்டு எண்ணூருக்குச் சென்றிருந்தேன். கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் கழிமுகம் அது. ஒரு திசையில் மின்சார நிலையத்தின் புகைபோக்கிகள். மற்றொரு திசையில் துறைமுகத்துக்குச் செல்லும் லாரிகளின் ஓயாத இரைச்சல். இவ்விரண்டுக்கும் நடுவே, நீர் வடிந்த சேற்றுத் திட்டில், உள்ளான் கூட்டம் ஒன்று எதையும் பொருட்படுத்தாமல் இரை தேடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளில் ஒருவன் தன் நோட்டுப் புத்தகத்தில் தேதி, மணி, இடம், பறவையின் பெயர், எண்ணிக்கை எல்லாவற்றையும் வரிசையாக எழுதினான். பிறகு தலை நிமிர்ந்து, "சார், பரீட்சைக்கு வராத இந்தக் கணக்கை எழுதி வைப்பதால் யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்டான்.

நியாயமான கேள்விதான். அவனுக்கு அன்று சொன்ன பதிலையே நேயர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

மேனாட்டாருக்கு வசந்தம் என்றால் பனி உருகுவதும் புல் தளிர்ப்பதும் ஆகும். நம் கடற்கரையிலோ மாசி, பங்குனி, சித்திரை மாதங்கள் பிரிவுபசாரக் காலம். குளிருக்கு அஞ்சி வடக்கேயிருந்து வந்த உள்ளான்கள் ஊர் திரும்பத் தொடங்குகின்றன. அவற்றுள் வளைந்த மூக்குடைய ஒரு சிறு ஜாதி, மாரிக்காலம் முழுவதும் சாம்பல் நிறமாக இருந்துவிட்டு, புறப்படும் தறுவாயில் செங்கல் நிறம் பூணுகிறது. சைபீரியாவின் வடகோடியில் நடக்கவிருக்கும் கல்யாணத்துக்கு எண்ணூர்ச் சேற்றிலேயே அலங்காரம் ஆரம்பமாகிவிடுகிறது!

வான்வழியே இவை விடைபெறும் அதே காலத்தில் கடல்வழியே வேறொரு விருந்தாளி வருகிறது. தை முதல் பங்குனி வரையில் இராக் காலங்களில் கரையேறி, மணலைத் தோண்டி, சுமார் நூறு முட்டைகளை இட்டு மூடிவிட்டுப் போகும் கடலாமை அது. நம் மீனவர்கள் அதற்கு இட்ட பெயர் 'பங்குனி ஆமை'. எவ்வளவு அழகான பெயர்! எந்தச் சர்வகலாசாலையிலும் படியாத மக்கள், தலைமுறை தலைமுறையாகக் கண்ணால் கண்டதைப் பெயருக்குள்ளேயே பொறித்து வைத்துவிட்டார்கள். இதைவிடச் சிறந்த குறிப்பேடு வேறு உண்டோ?

ஆனால் ஏட்டில் எழுதும் வழக்கத்தில் நாம் பின்தங்கிவிட்டோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சென்னைப் பறவைகளைப் பற்றிய ஜாபிதா ஒன்று 1713-லேயே லண்டனில் அச்சாகிவிட்டது. கோட்டையில் ரண வைத்தியராக இருந்த எட்வர்ட் பக்லி என்னும் ஆங்கிலேயர் அனுப்பிய சித்திரங்களைக் கொண்டு பெடிவர் என்பவர் அதைத் தயாரித்தார்; ஜான் ரேயின் நூலில் அது வெளியாயிற்று. நம் குளக்கரைகளில் வாலை ஆட்டிக்கொண்டு திரியும் வெண்புருவ வாலாட்டியின் சாஸ்திரப் பெயரில் இன்றும் 'மதராஸ்' ஒலிக்கிறது. ஊர் நம்முடையது, பறவை நம்முடையது. எழுதிய கை மட்டும் அந்நியருடையது.

இந்தக் குறையைத் தீர்க்க நம்மவர்கள் முன்வராமல் இல்லை. 1912-ல் பிறந்த மா. கிருஷ்ணன், காட்டையும் வீட்டுத் தோட்டத்தையும் ஒரே கவனத்தோடு நோக்கி, அரை நூற்றாண்டுக் காலம் எழுதினார். 1978-ல் சென்னை இயற்கையாளர் சங்கம் தோன்றிற்று. 1988-ல் மாணவர்கள் கூடிக் கடலாமைப் பாதுகாப்புக்காக ஓர் அமைப்பைத் தொடங்கி, நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவெல்லாம் நடந்து முட்டைகளைக் காத்து வருகிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் சம்பளத்துக்காக இந்த வேலையைச் செய்பவர்கள் அல்லர்.

சிறு துளி பெரு வெள்ளம் என்பது இங்கே வெறும் பழமொழியன்று. 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, 30,000-க்கு மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் அளித்த சுமார் 3 கோடிக் குறிப்புகளைக் கொண்டு எழுதப்பட்டது. 942 இனங்களை ஆராய்ந்து, அவற்றில் 178 இனங்கள் மிகுந்த கவலைக்குரியவை என்று அது கூறுகிறது. கரையோரப் பறவைகளின் தொகை வெகுவாகக் குறைந்து வருகிறது என்பதும் அதில் தெரியவந்த செய்தி. நம் பையன் எழுதிய உள்ளான் கணக்கும் அந்த வெள்ளத்தில் ஒரு துளிதான்.

இனி, வடசென்னைக்கு வருவோம். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து எண்ணூர்க் கழிமுகம் முழுவதும் பரவிற்று. மீனவர்களின் வலைகளும் படகுகளும் கறுத்தன. வெண்மையும் சாம்பலுமான கூழைக்கடாக்கள் எண்ணெய் தோய்ந்த இறகுகளோடு நின்ற கோலத்தைப் பார்த்தவர் மறக்கமாட்டார். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் மாண்டு ஒதுங்கின. ஆமை கடலில் வாழ்ந்தாலும் காற்றைச் சுவாசிக்கும் ஜீவன். இழுவை வலையில் அகப்பட்டால் மூச்சுத் திணறி இறந்துவிடும். கரையோரம் நடந்து நடந்து அந்த உடல்களை எண்ணியவர்களில் தொண்டர்களும் இருந்தார்கள். விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரையில் சென்றது.

இத்தகைய சமயங்களில் எழும் முதற் கேள்வி, "முன்பு இங்கே என்ன இருந்தது?" என்பதே. அதற்கு நம்மிடம் பதில் இல்லையானால், "இங்கே ஒன்றுமே இருந்ததில்லை" என்று சொல்ல ஆள் இல்லாமல் போகாது. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் மணலின் வடக்கு நோக்கிய ஓட்டத்தை மறித்தமையால் இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூருக்கு அப்பாலும் கடல் கரையை அரித்தது; மணல் இருந்த இடங்களில் இன்று கருங்கற் குவியல். அந்த மணலில் எத்தனை ஆமைகள் ஏறின என்பதைக் கிழவர்களின் நினைவில் தேட வேண்டியிருக்கிறது. நினைவு மனிதரோடு போய்விடும், ஏடு நிற்கும்.

ஆகவே, ஒவ்வொரு குடும்பமும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். மொட்டை மாடியோ, ஏரிக்கரையோ, கால் மணி நேரம் போதும். தேதி, நேரம், இடம், கண்டது, எத்தனை என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுங்கள்; பத்தை நூறாக்க வேண்டாம். ஒன்றையும் காணாத நாளையும் குறியுங்கள். அதுவும் ஒரு செய்திதான். கைபேசி உள்ளவர்கள் ஈ-பேர்ட் போன்ற பொதுப் பதிவேட்டிலும் சேர்க்கலாம். கூட்டை நெருங்க வேண்டாம். முட்டையைத் தொட வேண்டாம். மீனவப் பெரியவர் எவரேனும் எதிர்ப்பட்டால், அவர் சொல்லும் பெயரைக் கேட்டு அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த பையன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சேற்றுத் திட்டைப் பார்த்து மறுபடியும் எண்ணத் தொடங்கினான். "சார், முதலில் முப்பத்திரண்டு என்று எழுதிவிட்டேன். முப்பத்தொன்றுதான் இருக்கிறது" என்று சொல்லி, அடித்துத் திருத்தினான்.

எனக்கு அதற்குமேல் அவனுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.