கொடுப்பவர்க்கே விரைந்து கிடைக்கும்

"மாதந்தோறும் இணையத்துக்குப் பணம் கட்டுகிறோம், ஆயினும் ஒரு கோப்பு இறங்கி முடிய இரவு முழுவதும் காத்திருக்க வேண்டியுள்ளதே!" என எம்மவர் சிலர் குறைப்படுவதை நாம் கேட்டிருக்கிறோம். பாவனையாளர்கள் தமக்குள்ளேயே கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் வலையமைப்புகளைப் பற்றிய குறை இது. இதன் காரணத்தைச் சற்று ஆராய்வோம்.

1999 இல் தோன்றிய நப்ஸ்டர், வழக்குகளின் விளைவாக 2001 இல் நிறுத்தப்பட்டது. நடுவில் வழங்கி எதுவுமின்றி இயங்கும் குனுட்டெல்லா 2000 இல் வந்தது. அதே ஆண்டில் அடார், ஹூபர்மன் என்னும் ஆய்வாளர் இருவர் அதனை ஆராய்ந்தனர். பாவனையாளரில் ஏறத்தாழ 70 வீதத்தினர் எதனையுமே பகிரவில்லை; கிடைத்த பதில்களிற் பாதியளவை வழங்கியோர் வெறும் ஒரு வீதத்தினரே. எடுப்பவர் பலர், கொடுப்பவர் சிலர் என்றால் வரிசை நீளுமன்றோ?

2001 இல் பிராம் கோகன் உருவாக்கிய பிட்டொரென்ட் இதற்கு வழி கண்டது. வகுப்பில் நாற்பது மாணவர், நூலோ ஒன்று. ஒருவர் பின் ஒருவராக முழுநூலையும் பிரதி செய்தால் மாதங்கள் கழியும். ஆளுக்கொரு பக்கத்தைப் பிரதி செய்து தமக்குள் மாற்றிக்கொண்டால் வேலை விரைவில் முடியும். இம்முறையிற் கோப்பு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. எத்துண்டு அரிதாக உள்ளதோ அதுவே முதலிற் பெறப்படும். யார் எமக்கு நன்கு தருகிறார் என்பதைக் கணனி பத்து விநாடிக்கொருமுறை கணித்து, அவருக்கே திருப்பிக் கொடுக்கிறது. கொடுக்க ஏதுமற்ற புதியவருக்காக முப்பது விநாடிக்கொருமுறை வேறொருவருக்கும் வாய்ப்பளிக்கிறது.

ஆகவே, தரவேற்றத்தை அடியோடு குறைத்து வைப்பவர் தமது தரவிறக்கத்தையே கெடுத்துக்கொள்கிறார். அதனை எல்லைவரை நிரப்புவதும் தவறு. தொலைபேசிக் கம்பிவழி இணைப்புகளில் தரவேற்றப் பாதை ஒடுக்கமானது. அது நிரம்பினால், பெற்ற துண்டுகளுக்கான ஒப்புகைச் செய்திகள் தாமதித்து, இறக்கமும் தளரும். எல்லையில் ஐந்தில் நான்கு பங்களவில் நிறுத்துவது நன்று. முழுக்கோப்பையும் வைத்திருப்போர் எத்தனை பேர் என்பதையும் முதலிற் பார்த்துக்கொள்ளல் வேண்டும். ஒருவரும் இல்லாது, ஏனையோரிடமுள்ள துண்டுகள் யாவும் சேர்ந்தும் கோப்பு முழுமையாகாதெனில், எவ்வளவு விரைவான இணைப்பும் பயன்தராது.

பெற்றோரே, இங்கு ஓர் எச்சரிக்கை. இம்முறையில் எடுப்பவர் அதே வேளையிற் கொடுப்பவருமாவார். பிள்ளை ஒரு புதிய திரைப்படத்தை இறக்குகையில், உங்கள் இணைப்பு அதனைப் பிறர்க்கு விநியோகிக்கிறது. ஜேர்மனியில், பதிப்புரிமையாளரின் சட்டத்தரணிகள் இதற்காகப் பல நூறு யூரோ கோரிக் கடிதம் அனுப்புவதுண்டு. அக்கடிதம் பிள்ளையின் பெயருக்கன்று, இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவருக்கே வரும். புரியாத மொழியிலுள்ள கடிதமென்று அதனை மூலையிற் போட்டுவிடாதீர்கள். குறிப்பிட்ட நாளுக்குள் சட்ட ஆலோசனை பெறுங்கள்.

லினக்ஸ் போன்ற இலவச மென்பொருள்களும், இன்ரர்நெற் ஆர்க்கைவ் 2012 முதல் இவ்வழியே வழங்கிவரும் நூல்களும் ஒலிப்பதிவுகளும் எமக்குத் தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பெற்றபின் உடனே இணைப்பைத் துண்டிக்காது, சிறிது நேரம் பிறர்க்கும் வழங்குவோம். நாம் பெற்றதும் அவ்வாறு ஒருவர் காத்திருந்து தந்ததனாலேயே.