ஒரு காய்ச்சலுக்காகக் காத்திருந்த பாட்டு

ஓசூர் சிப்காட்டில் ராத்திரி ஷிப்ட் முடிந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸில் டிரைவர் வைப்பதுதான் பாட்டு. நேயர் விருப்பமெல்லாம் செல்லாது. ஆனால் 'ஆயிரம் நிலவே வா' ஆரம்பித்துவிட்டால், ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறவன்கூட ஒரு கண்ணைத் திறப்பான்.

பாடினவர் யாருக்குச் சொந்தம் என்பதில்தான் எங்கள் ஊரில் தகராறு. "எங்க நெல்லூர்ப் பக்கத்து ஆளு" என்பார்கள் தெலுங்கு பேசுகிறவர்கள். ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளியில் கால் வைத்தால் கன்னடத்தில் உரிமை கொண்டாடுவார்கள். தமிழ்க்காரன் அலட்டிக்கொள்ளவே மாட்டான். எம்.ஜி.ஆருக்கே பாடியாச்சு, அப்புறம் என்ன பேச்சு!

எம்.ஜி.ஆருக்குப் பாடிய அந்தப் பாட்டு, பதிவாவதற்கு முன்னால் வாரக்கணக்கில் பதிவாகாமல் கிடந்தது. லாஸ் ஆஃப் பே-க்குப் பயந்து காய்ச்சலோடு வேலைக்குப் போகிற நம் ஜாதிக்கு அந்தக் கதையில் விஷயம் இருக்கிறது.

எஸ்.பி. பாலசுப்ரமணியம் சென்னைக்கு வந்தது பாட அல்ல, இன்ஜினீயரிங் படிக்க. 1966 டிசம்பரில் தெலுங்கில் முதல் பாட்டு. அடுத்ததே கன்னடம். தமிழ்தான் இழுத்தடித்தது. எம்.எஸ். விஸ்வநாதன் குரலைக் கேட்டுவிட்டு, தமிழ் உச்சரிப்பைச் சரி செய்துகொண்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார். (வீட்டில் தெலுங்கு, ஆபீசில் தமிழ் என்று வாழும் ஓசூர்வாசிகளுக்கு அந்த வலி புரியும்.) பிறகு 'ஓட்டல் ரம்பா' படத்துக்காக எல்.ஆர். ஈஸ்வரியோடு ஒரு பாட்டு பதிவானது. படம் வெளிவரவே இல்லை. இண்டர்வியூ பாஸ், கம்பெனியைத்தான் திறக்கவில்லை என்கிற மாதிரி! அப்புறம் 'சாந்தி நிலையம்'. அதற்கும் பிறகுதான் 'அடிமைப் பெண்'.

எம்.ஜி.ஆரின் சொந்தத் தயாரிப்பு. இசை கே.வி. மகாதேவன். பாட்டு புலமைப்பித்தன். கூடப் பாடுகிறவர் பி. சுசீலா. பையனுக்கு வயசு 22. ரிகர்சல் முடிந்தது. பதிவுக்கு நாள் நெருங்கும்போது ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டார். சாதாரணக் காய்ச்சல் இல்லை. எழுந்திருக்கவே நாளாகும் என்கிற நிலை.

பி.காம். படித்த பாவத்துக்கு நான் உடனே செலவுக் கணக்கில் இறங்கிவிடுவேன். இப்போதெல்லாம் வாத்தியங்களைத் தனியாகப் பதிவு செய்துவிட்டு, பாடகர் சௌகரியப்பட்ட நாளில் வந்து பாடிவிட்டுப் போகலாம். டூயட் பாடுகிற இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்காமலே பாட்டு வெளிவந்துவிடும். அன்றைக்கு அப்படி இல்லை. பாடகர், பாடகி, வயலின் கோஷ்டி, தபலா என்று அத்தனை பேரும் ஒரே நேரத்தில், ஒரே டேக்கில். மூன்றாவது வரிசை வயலின்காரர் ஒரு இடத்தில் சறுக்கினால் திரும்ப முதலிலிருந்து. ஆகவே ஒருவர் வரவில்லை என்றால் பதிவே இல்லை. பதிவான பாட்டை ஒலிக்கவிட்டுத்தான் நடிகர்கள் வாயசைக்க வேண்டும். பதிவு இல்லையென்றால் பாட்டுக் காட்சியின் படப்பிடிப்பும் இல்லை. எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா கால்ஷீட் ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். அதுவும் சொந்தப் பணம்.

மாற்று ஆள் இல்லையா? டி.எம். சௌந்தரராஜன் அதே படத்தில் பாடியிருக்கிறார். ஒரு போன் செய்தால் மறுநாளே காரியம் முடிந்திருக்கும். எந்த அக்கவுண்டண்டைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவான். நானும்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு கம்பெனியில் (பெயர் எதற்கு?) ட்ரெய்னிப் பையன் ஒருவன் மஞ்சள் காமாலையில் இருபது நாள் படுத்துவிட்டுத் திரும்பினான். அவன் மெஷினில் வேறொருவன் நின்றுகொண்டிருந்தான். கேட்டுக்குள்ளேயே விடவில்லை. அதுதான் உலக வழக்கம்.

எஸ்.பி.பி.யும் தன் வாய்ப்பு போய்விட்டது என்றுதான் முடிவு கட்டியிருந்தார். தேறி எழுந்தபோது, பாட்டு அவருக்காகவே காத்திருந்தது. பாடி முடித்தார். ஏன் காத்திருந்தீர்கள் என்று பிற்பாடு எம்.ஜி.ஆரிடமே கேட்டிருக்கிறார். கிடைத்த பதிலை எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார். எம்.ஜி.ஆருக்குப் பாடப் போகிறேன் என்று கூடப் படிக்கிறவர்களிடமெல்லாம் நீ சொல்லியிருப்பாய்; வேறு குரலில் பாட்டு வந்தால், உன் குரல் எனக்குப் பிடிக்காமல் தூக்கிவிட்டேன் என்றுதானே நினைப்பார்கள்? இதுதான் அந்தப் பதிலின் சாரம்.

பையன் நிச்சயமாகச் சொல்லியிருப்பான். யார்தான் சொல்லாமல் இருப்போம்? முதல் வேலைக்கு ஆர்டர் வந்த அன்றைக்கு டீக்கடை முழுக்கச் சொன்னவர்கள்தானே நாமும்! செலவைப் பார்க்காமல் அந்த டீக்கடையை நினைத்துப் பார்த்திருக்கிறார் முதலாளி.

படம் வெளியானது 1969 மே 1. முன்னால் பதிவான 'சாந்தி நிலையம்' பாட்டு அதே மாதம் பின்னால்தான் தியேட்டருக்கு வந்தது. ஆக, எஸ்.பி.பி.யின் குரலைத் தமிழ் ஜனங்கள் படத்தில் முதன்முதலாகக் கேட்டது இந்தப் பாட்டில். நாள், தொழிலாளர் தினம்!

அத்திப்பள்ளிக்காரர்கள் கோபித்துக்கொள்ளாமல் இருக்க இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1981 பிப்ரவரி 8. எங்கள் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தூரத்தில், பெங்களூரில், இசையமைப்பாளர் உபேந்திர குமாருக்காகக் காலை 9 மணிக்குப் பாட நின்றவர் ராத்திரி 9 மணிக்குத்தான் மைக்கை விட்டு நகர்ந்தார். ஒரே நாளில் 21 கன்னடப் பாட்டுகள். 'அடிமைப் பெண்'ணுக்குப் போட்ட சிக் லீவையெல்லாம் ஓவர்டைமில் கழித்துவிட்டார் மனிதர்!