மூன்று பூச்சுகளுக்கு அடியில் ஒரு விமானம்

எங்கள் பள்ளியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில், தராசுகளும் லென்சுகளும் வைத்திருக்கும் அலமாரியின் மேல்தட்டில், ஒரு சிறிய நீல விமானம் நெடுங்காலமாக இருந்து வந்தது. நீலம் என்றால் வான நீலம் அன்று. ஜன்னல் கம்பிகளுக்கு அடிக்கும் கெட்டியான எனாமல் நீலம். ஏதோ ஓர் ஆண்டு விழா நாடகத்திற்காக அடித்தது என்று சொல்வார்கள். மூக்கு முனை ஒடிந்து, ஒரு சக்கரமும் இல்லாமல், தூசி படிந்து கிடந்த அது, இவ்வாண்டு கழிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அறிவியல் மன்றத்து மாணவியர் நாங்கள் ஐவர் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். சிஸ்டர் ஒரு நிபந்தனையோடுதான் கொடுத்தார்: "செய்வதையெல்லாம் நோட்டில் எழுதி வைக்க வேண்டும்." அந்த நோட்டிலிருந்துதான் இக்கட்டுரை பிறந்தது.

முதலில் இருப்புப் பதிவேட்டைப் பார்த்தோம். "விமான மாதிரி, 1. அன்பளிப்பு, 1973" என்று ஒரு வரி. கொடுத்தவர் அக்காலத்தில் இங்கு படித்த ஒரு மாணவியின் தந்தை. விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தம் கையாலேயே ஒட்டி வண்ணம் தீட்டித் தந்தாராம். அப்படியானால் இந்த நீலம் அவருடையதாக இருக்க முடியாது. இறக்கை விளிம்பில் வண்ணம் பெயர்ந்த இடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது உண்மை தெரிந்தது. நீலத்துக்கு அடியில் சிவப்பு. சிவப்புக்கு அடியில் வெள்ளி நிறம்.

இது எந்த விமானம்? உருவத்தைக் கொண்டு தேடியதில் 'நாட்' என்று அறிந்தோம். நாட் என்றால் கொசுவைப் போன்ற ஒரு சிறு பூச்சி. பெட்டர் என்ற ஆங்கிலப் பொறியாளர் வடிவமைத்த இவ்விமானம் 1955-இல் முதன்முதலாகப் பறந்தது. பிறகு நம் நாட்டிலேயே, பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் கட்டப்பட்டது. உண்மையான நாட்டின் இறக்கை அகலமே ஏறத்தாழ 22 அடிதான். ஒரு நடுத்தர வகுப்பறைக்குள் நிறுத்திவிடலாம். 1965 போரிலும் 1971 போரிலும் இந்தச் சின்னஞ்சிறு விமானம், தன்னைவிடப் பெரிய சேபர் விமானங்களை எதிர்த்து நின்று பெயர் வாங்கியது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில், தளத்தின்மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தபோதே நாட்டில் ஏறிப் பறந்து போரிட்டு உயிர் நீத்தவர் நிர்மல் ஜித் சிங் செகோன். விமானப்படையில் பரம் வீர் சக்கர விருது பெற்றவர் அவர் ஒருவரே. எங்கள் மாதிரி அன்பளிப்பாக வந்தது அதற்கு இரண்டாண்டுகளுக்குப் பின் என்பதை எண்ணியபோது, கொடுத்தவர் ஏன் இந்த விமானத்தைத் தேர்ந்தார் என்பது ஒருவாறு விளங்கிற்று.

மாதிரியின் அளவு எழுபத்திரண்டில் ஒரு பங்கு. அதாவது 6 அடி மனிதர் இதில் 1 அங்குலம். முழு விமானமும் 12 சென்டிமீட்டர் நீளந்தான். இவ்வளவு சிறிய பொருளின்மேல் மூன்று பூச்சுகள் ஏறினால் என்ன ஆகும்? இறக்கையில் இருக்கும் மெல்லிய கோடுகளும் மூடிகளின் விளிம்புகளும் தூர்ந்து போகும். எங்கள் விமானம் சோப்புக் கட்டியில் செதுக்கியது போலத்தான் தோன்றியது. மேலே நாலாவது பூச்சு அடிப்பதில் பயனில்லை. பழையதை எடுத்தே ஆக வேண்டும்.

இங்கேதான் முதல் தவறு செய்தோம். வண்ணத்தை எடுக்க தின்னர் என்று எல்லாருக்கும் தெரியும். வில்லியனூர் சாலையில் ஒரு ஹார்டுவேர் கடையில் வாங்கி வந்து, விமானத்தின் வயிற்றில் ஒரு சொட்டு வைத்துத் துடைத்தோம். நீலம் வந்தது, கூடவே பிளாஸ்டிக்கும் பாகு போல இழுத்துக்கொண்டு வந்தது! மாதிரி விமானங்களின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன் என்ற வகை. நாம் கண்காட்சிகளுக்கு வெட்டி ஒட்டும் தெர்மோகோலும் அதே பொருள்தான்; உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்திருப்பது ஒன்றே வேறுபாடு. ஒரு துண்டு தெர்மோகோல்மேல் தின்னரோ பெட்ரோலோ நகப்பூச்சு நீக்கியோ ஒரு துளி விட்டுப் பாருங்கள், குழி விழுந்து கரையும். இதை முதலிலேயே செய்து பார்த்திருந்தால் வயிற்றில் காயம் பட்டிராது.

சிலர் காஸ்டிக் சோடாவைப் பயன்படுத்துவார்கள். அது பிளாஸ்டிக்கைத் தொடாது, ஆனால் கையையும் கண்ணையும் எரித்துவிடும் என்று சிஸ்டர் தடுத்துவிட்டார். வண்டிகளுக்கு ஊற்றும் பிரேக் ஆயிலும் எனாமலை உரிக்கும், தோலுக்கு ஆகாது. கடைசியில் கைகொடுத்தது எல்லா வீட்டிலும் இருக்கும் டெட்டால். அதில் உள்ள பைன் மர எண்ணெயும் ஆல்கஹாலும் எனாமலை மெல்ல இளக்குகின்றன, பாலிஸ்டைரீனைக் கரைப்பதில்லை. தண்ணீர் கலக்காத டெட்டாலில் ஒரு நாள் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்க்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: உடனே தண்ணீரில் கழுவினால், இளகிய வண்ணம் பலாப்பிசின் போல் ஒட்டிக்கொண்டு போகவே போகாது. முதலில் புது டெட்டாலிலேயே அலசிவிட்டு, அதன் பிறகுதான் சோப்பு நீர். ரப்பர் கையுறை வேண்டும். காற்றோட்டமான தாழ்வாரத்தில் செய்ய வேண்டும். விமானியின் தலைக்குமேல் இருக்கும் கண்ணாடிக் கூண்டைக் கழற்றித் தனியே வைத்துவிட்டோம். அந்தப் பளிங்குப் பகுதியில் நுண்ணிய வெடிப்புகள் விழக்கூடும்.

இடது இறக்கையை மட்டும் படுமாறு ஒரு தட்டில் டெட்டால் ஊற்றிச் சாய்த்து வைத்தோம். மறுநாள் மாலை தேய்த்தபோது நீலம் வந்தது, சிவப்பு வந்தது, வெள்ளியும் வந்தது. எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி. அப்போது எங்களில் ஒருத்தி பல்துலக்கியைத் தூக்கிக் காட்டினாள். அதன் மயிரில் துளி காவி நிறம்! மூன்று பூச்சுகளில் எதிலும் காவி கிடையாதே. சற்று யோசித்தபின் அனைவர் முகமும் வாடிவிட்டது. வெள்ளி நிறத்தின்மேல் அவர் தம் கையால் தீட்டியிருந்த விமானப்படை வட்டச் சின்னம் அது. வெளியே காவி, நடுவே வெண்மை, உள்ளே பச்சை. அதைத்தான் தேய்த்து எறிந்திருக்கிறோம்.

அன்று இரவு எங்களுக்குள் வாக்குவாதம். முழுவதையும் உரித்துப் புதிதாக அடித்தால் விமானம் பளபளப்பாக இருக்கும், போட்டிக்கும் அனுப்பலாம். ஆனால் அது எங்கள் விமானமாகிவிடும், அவருடையதாக இராது. உரித்த வண்ணத்தை மறுபடி வைக்க யாராலும் முடியாது என்பதால், மிச்சமிருக்கும் வெள்ளியைக் காப்பாற்றுவது என்று முடிவாயிற்று. ஐவரில் ஒருத்தி இன்றுவரை இதற்கு உடன்படவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஆகவே வலப்பக்கத்தை ஊறவைக்கவில்லை. தீக்குச்சியில் பஞ்சு சுற்றி, டெட்டாலில் தோய்த்து, பத்துப் பைசா அளவு இடத்தில் வைத்து, நீலம் இளகியதும் துடைத்து, பிறகு சிவப்புக்கு அதே போல. வெள்ளி தெரிந்த கணமே நிறுத்திவிட வேண்டும். ஒரு மாலையில் ஓர் அங்குலங்கூட நகராது. மூன்று வாரம் பிடித்தது. வலது இறக்கையில் அந்த வட்டம் வெளிப்பட்டபோது ஓரம் ஒரு பக்கம் சற்றே கலைந்திருந்தது, அப்படியே விட்டோம்.

வயிற்றுக் காயத்துக்கு மருந்து, காயம் செய்த தின்னர்தான். பழைய பிளாஸ்டிக் பெட்டியின் சில துணுக்குகளை அதில் கரைத்துக் களிம்பாக்கிக் குழியில் அப்பினோம். இரண்டு நாள் உலர்ந்ததும் 400, 600 எண் வாட்டர் பேப்பரால் நீர் தொட்டுத் தேய்த்தோம். மூக்கு முனைக்கு ஒரு குண்டூசி. சக்கரத்துக்குச் சட்டைப் பொத்தான். உரித்த இடங்களில் மட்டும் வெள்ளி வண்ணத்தை மெல்லியதாக இருமுறை பூசினோம். கனமாக ஒரே முறை பூசினால் வழியும். செல்லோடேப்பை முதலில் உள்ளங்கையில் ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துக்கொண்டால், மறைப்புக்கு ஒட்டிப் பிரிக்கும்போது பழைய வண்ணம் பெயராது.

பொம்மை விமானம் பெண்பிள்ளைகளுக்கு எதற்கு என்று சில வீடுகளில் கேட்டார்கள். 2016 ஜூன் 18 அன்று அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் என்ற மூவர் நம் விமானப்படையின் முதல் பெண் போர் விமானிகளானார்கள் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தோம்.

இடது இறக்கை வட்டத்தைக் காம்பசில் சிறு தூரிகை கட்டி வரைந்தோம். நான்கு முறை அழித்தோம். வலப்பக்கத்தைப் போல் அமையவில்லை. எங்கள் காவி சற்று அடர்ந்துவிட்டது. எது பழையது, எது புதியது என்று தெரியட்டும் என்று அப்படியே விட்டு, இறக்கைக்குக் கீழே ஆண்டை மட்டும் குறித்தோம்.

பள்ளிக் கண்காட்சிக்கு அவருடைய மகள் வந்திருந்தார். தந்தையார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டனவாம். விமானத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வலது இறக்கையையே பார்த்தார். "இந்த வட்டத்தை அப்பா எதால் வரைந்தார் தெரியுமா? என்னுடைய மைப்பேனாவின் மூடியால். வண்ணத்தில் தோய்த்து முத்திரை மாதிரி ஒற்றினார். பிறகு நான் ஒரு மாதம் மூடியில்லாத பேனாவோடு பள்ளிக்கு வந்தேன்" என்றார்.

நாங்கள் ஐவரும் ஓடிப் போய் ஆய்வுக்கூடத்திலிருந்த ஒரு பழைய மைப்பேனாவின் மூடியை அந்த வட்டத்தின்மேல் வைத்துப் பார்த்தோம். அளவு சரியாக இருந்தது.