இரவல் மலையில் ஒரு தேசியப் போட்டி

ஒரு நாட்டின் தேசிய விளையாட்டுப் போட்டி அந்நாட்டு மண்ணிலேயே நடைபெறுவதுதான் உலக வழக்கம். பிரித்தானியரின் பனிச்சறுக்குத் தேசியப் போட்டியோ அதன் தொடக்க காலத்திலே சுவிற்சர்லாந்தில் நடைபெற்றது. ஸ்கொத்லாந்தின் மலைப்பகுதிகள் சிலவற்றை நீக்கினால், இவ்விளையாட்டுக்கு வேண்டிய பனியும் ஓங்கிய சரிவும் பிரித்தானியாவில் இல்லை. ஆகவே அவர்கள் பிறர் மலையை நாடிச் சென்றனர். அவ்வாறு இரவல் மலையிலே நடத்தப்பட்ட போட்டி, பனிச்சறுக்கு விளையாட்டின் விதிகளையே உலகெங்கும் மாற்றுவதற்கு வழிகோலியது.

பனிச்சறுக்கு என்பது, முனை மேல்நோக்கி வளைந்த இரண்டு நீண்ட பலகைகளைக் கால்களிற் பூட்டிக்கொண்டு பனிமீது வழுக்கிச் செல்லும் கலை. பனி மூடிய நோர்வே நாட்டிலே அது முதலில் விளையாட்டன்று. வீட்டுக்கு வீடு வேண்டப்பட்ட போக்குவரத்துச் சாதனம். அதிலிருந்து இருவகைப் போட்டிகள் அங்கே வளர்ந்தன. மேடும் பள்ளமும் சமதரையும் கடந்து நெடுந்தூரம் ஓடுதல் ஒன்று. மேடையிலிருந்து காற்றிலே பாய்ந்து இறங்குதல் மற்றொன்று. பனிச்சறுக்கு வீரன் என்பவன் இவ்விரண்டிலும் வல்லவனாய் இருத்தல் வேண்டும் என்பது நோர்வேயரின் உறுதியான கொள்கை.

ஆனால், ஆல்ப்ஸ் மலையின் இயல்பு வேறு. அங்கே சரிவுகள் செங்குத்தானவை, நீண்டவை. அம்மலைக்குக் குளிர்காலத்திலே சென்ற பிரித்தானியர், ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதிலேயே பெரிதும் இன்பங் கண்டனர். 1903ஆம் ஆண்டில் இலண்டன் நகரிலே பிரித்தானியப் பனிச்சறுக்குக் கழகம் நிறுவப்பட்டது. 1911ஆம் ஆண்டு சனவரி 11ஆந் திகதி, சுவிற்சர்லாந்தின் மொன்ரானா என்னும் ஊருக்கு மேலுள்ள பனியாற்றிலிருந்து கீழ்நோக்கி ஓடும் போட்டியொன்று நடந்தது. போட்டியாளர் முதல்நாளே மலையேறி, ஒரு குடிசையிலே இராத் தங்கி, மறுநாள் யாவரும் ஒருசேரப் புறப்பட்டனர். செசில் ஹொப்கின்சன் என்பவர் 61 நிமிடங்களில் ஊரை அடைந்து வெற்றி பெற்றார்.

அப்போட்டிக்கு வெற்றிக் கிண்ணம் வழங்கியவர் காந்தகார் றொபேட்ஸ் பிரபு. 1880இல் காபூலிலிருந்து காந்தகாருக்குப் படை நடத்திச் சென்று புகழ் பெற்றவர் அவர். 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாகவும் விளங்கியவர். ஆப்கானிஸ்தானத்து நகரொன்றின் பெயர் ஆல்ப்ஸ் மலையின் விளையாட்டு உலகிலே நிலைபெற்றது இவ்வாறுதான்.

இந்த வரலாற்றின் நடுநாயகமாக விளங்குபவர் ஆனல்ட் லன். அவர் 1888ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆந் திகதி சென்னையிலே பிறந்தவர். அவருடைய தந்தையார் ஹென்றி லன், மெதடிஸ்த சபையின் மருத்துவப் போதகராக இந்தியாவுக்கு வந்திருந்தவர். தாயகம் திரும்பிய பின்னர், பிரித்தானியரை ஆல்ப்ஸ் மலைக்கு அழைத்துச் செல்லும் பயண நிறுவனத்தைத் தொடங்கினார். மூரன் என்னும் மலையூரின் புகையிரதத்தைக் குளிர்காலத்திலும் ஓடச்செய்தவர் அவரே. மகனோ இளமையிலேயே மலையிலும் பனியிலும் வளர்ந்தார். 1909ஆம் ஆண்டிலே வேல்ஸ் நாட்டு மலையொன்றில் ஏறும்போது தவறி வீழ்ந்தமையால் அவருடைய வலக்கால் முறிந்தது. புண் ஆறியபோது அக்கால் மற்றையதிலும் குறுகிவிட்டது. எனினும், அவர் மலையை விடவில்லை. தாம் முன்போல் ஓட இயலாதவர், பிறர் எவ்வாறு ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பணியிலே இறங்கினார்.

முதல் உலகப்போர் முடிந்தபின், 1921ஆம் ஆண்டு சனவரியில் வெங்கன் என்னும் ஊரிலே பிரித்தானியத் தேசியப் போட்டியை லன் நடத்தினார். மலையிறக்க ஓட்டத்துக்குத் தேசியப் போட்டியொன்றிலே இடம் கிடைத்தது அப்பொழுதுதான். அவ்வோட்டத்தில் லெனாட் டொப்ஸ் வெற்றி பெற்றார்.

ஆனால், லன் மனநிறைவு அடையவில்லை. சரிவிலே வளைந்து திரும்பும் திறமையை அளப்பதற்கு நடுவர் தோற்ற அழகைப் பார்த்துப் புள்ளி வழங்கும் முறையே அந்நாளில் வழக்கத்தில் இருந்தது. ஒரு நடுவரின் கண்ணுக்கு அழகாகத் தோன்றுவது மற்றொருவருக்கு அவ்வாறு தோன்றுவதில்லை. அன்றியும், மலையிலே மரமொன்று குறுக்கிட்டால் வேகங் குறையாது அதனைச் சுற்றிச் செல்வதற்காகவே வளைவு ஏற்பட்டது. காண்பவர் மகிழ்வதற்காக அன்று. ஆகவே கண்ணை நீக்கிவிட்டுக் கடிகாரத்தை நடுவராக்குவதே முறை என அவர் கருதினார்.

1922ஆம் ஆண்டு சனவரி 21ஆந் திகதி மூரன் ஊரின் பயிற்சிச் சரிவிலே அவர் இணை இணையாகக் கொடிகளை நட்டார். ஒவ்வோர் இணைக்கும் இடையே புகுந்து செல்ல வேண்டும். குறைந்த நேரத்தில் அடிவாரத்தை அடைபவரே வென்றவர். மற்றெதற்கும் புள்ளி இல்லை. ஸ்லாலம் என இன்று வழங்கும் போட்டி இதுவே. அச்சொல் நோர்வே மொழியில் சரிவில் அமைந்த தடம் எனப் பொருள்படும். 1905ஆம் ஆண்டிலேயே ஒஸ்திரியாவின் லிலியன்பெல்ட் ஊரில் மத்தியாஸ் ஸ்தார்ஸ்கி என்பவர் 85 வாயில்கள் அமைத்து ஒரு போட்டி நடத்தியிருந்தார். ஆயினும், பின்னர் உலகம் ஏற்றுக்கொண்ட முறைக்கு மூரன் சரிவே பிறப்பிடமாயிற்று.

இதனை நோர்வே முதலிய வடநாடுகள் எளிதில் ஏற்கவில்லை. கீழ்நோக்கி விழுவதற்குத் திறமை எதற்கு என்பது அவர்களின் வாதம். 1924ஆம் ஆண்டில் அனைத்துலகப் பனிச்சறுக்குச் சம்மேளனம் அமைக்கப்பட்டபோதும், அவ்வாண்டு சமொனியிலே நடந்த குளிர்கால ஒலிம்பிக்கிலும் மலையிறக்கத்துக்கு இடமில்லை. லன் தளரவில்லை. அதே ஆண்டில் மூரனிலே காந்தகார் கழகத்தை நிறுவினார். 1928இல் ஒஸ்திரிய ஆசான் ஹன்னஸ் ஷ்னைடருடன் கூடி, ஆல்பேக்-காந்தகார் போட்டியைத் தொடங்கினார். 1930ஆம் ஆண்டு சம்மேளனத்தின் மாநாடு ஒஸ்லோ நகரிலே கூடியது. நோர்வேயின் தலைநகரிலேயே, மலையிறக்கமும் ஸ்லாலமும் முறைப்படி ஏற்றுக்கொள்ளப்பட்டன.

மறு ஆண்டே, 1931 பெப்ரவரியில், இவ்விரு போட்டிகளுக்குமான முதல் உலகப் போட்டி மூரனில் நடைபெற்றது. ஆடவர் போட்டிகளில் சுவிற்சர்லாந்து வீரர் முதலிடம் பெற்றனர். பெண்கள் பிரிவில் மலையிறக்கம், ஸ்லாலம் இரண்டையும் வென்றவர் எஸ்மி மக்கினன் என்னும் பதினேழு வயதுப் பிரித்தானியப் பெண். புதிய போட்டி முதல் ஆண்டிலிருந்தே பெண்களையும் சேர்த்துக்கொண்டது. பழைய நெடுந்தூர ஓட்டத்திலே பெண்களுக்கு ஒலிம்பிக் இடம் 1952இலும், பாய்தலில் 2014இலுமே கிடைத்தது.

1936ஆம் ஆண்டு ஜேர்மனியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கிலே, மலையிறக்கமும் ஸ்லாலமும் இணைந்த போட்டி முதன்முதலாக இடம்பெற்றது. அதன் மலையிறக்கப் பகுதியில் ஆடவருள் முதலில் வந்தவர் பேகர் றூட். பெண்களுள் முதலில் வந்தவர் லைலா ஷூ நில்சன். இருவரும் நோர்வேயர்! எதனை விளையாட்டன்று என அந்நாடு ஒதுக்கியதோ, அதிலேயே அதன் மக்கள் முந்தினர்.

விதி வகுத்த பிரித்தானியரோ, 2022 வரை நடந்த ஒலிம்பிக்குகளில் இவ்வகைப் போட்டிகளில் ஒரு பதக்கத்தையேனும் தம்முடையதாக்கிக்கொள்ளவில்லை. 2002ஆம் ஆண்டு அலன் பக்ஸ்ரர் ஸ்லாலத்திலே பெற்ற மூன்றாம் இடத்துப் பதக்கமும், அவர் பயன்படுத்திய மூக்கு மருந்திலே தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தமையால் மீளப்பெறப்பட்டது. மலைநாட்டவரின் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் வழியிலேயே பழகும் கலையை, விடுமுறைக்கு வந்து பயில்பவர் நெடுங்காலம் வென்றுகொண்டிருத்தல் அரிது.

ஆனல்ட் லன் 1952ஆம் ஆண்டில் சேர் பட்டம் பெற்றார். 1974ஆம் ஆண்டிலே காலமானார். இரு கொடிகளுக்கிடையே வீரன் ஒருவன் வளைந்து புகும்போது, அவனுடைய நாடு எது, அவன் தோற்றம் எத்தகையது என எவரும் கேட்பதில்லை. கடிகாரம் ஒன்றே பேசுகின்றது. பனியில்லா நாட்டவர் பனிச்சறுக்குக்கு அளித்த கொடை இதுவேயாகும்.