சூடாகும் மடிக்கணினியும் சுண்ணாம்புத் தூசியும்

கல்லூரியில் படிக்கும் மகளின் மடிக்கணினி கொதிக்கிறது, வேகமும் குறைந்துவிட்டது என்று, புதியது வாங்க நகையை அடகு வைக்கப் புறப்பட்டார் அரியலூரில் வசிக்கும் என் பழைய மாணவர் ஒருவர். அதற்குமுன் பழுதுநீக்குபவரிடம் கொடுத்துத் திறந்து பார்த்தோம். உள்ளே சாம்பல்நிறத் தூசி அப்பிக் கிடந்தது. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் சூழ்ந்த பகுதியில் இதில் வியப்பில்லை.

செயலியில் பிறக்கும் வெப்பத்தைச் செப்புக் குழாய், மெல்லிய உலோகத் தகடுகளுக்குக் கடத்துகிறது. விசிறி அங்கிருந்து அதை வெளியேற்றுகிறது. தகடுகளின் இடைவெளியைத் தூசி அடைத்துவிட்டால், விசிறி எவ்வளவு இரைந்தாலும் பயனில்லை. வெப்பம் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, பெரும்பாலான செயலிகள் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. அதைத்தான் நாம் முதுமை என்று எண்ணிவிடுகிறோம்.

2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால்தான் பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் பல வீடுகளுக்கு முதல் கணினி வந்தது. அவ்வீடுகளில் மேசை ஏது? மெத்தையில் வைத்துப் படிக்கும்போது அடியிலுள்ள காற்றுத்துளைகள் அடைபடுகின்றன. பல மடிக்கணினிகள் 35 டிகிரி வரையிலான சூழலுக்கே வடிவமைக்கப்பட்டவை. இங்குள்ள சித்திரை வெயிலோ 40-ஐத் தொடுகிறது.

எனவே முதலில் ஒரு மரப்பலகையின் மீது வைத்துப் பார்க்கலாம். சூடு தணியாவிட்டால் விசிறியையும் தகடுகளையும் தூய்மை செய்து, செயலியின்மேல் உலர்ந்துபோன வெப்பக் களிம்பையும் மாற்றச் சொல்ல வேண்டும். புதிய கணினியின் விலையோடு ஒப்பிட்டால் இச்செலவு மிகச் சிறிது. ஆனால், அடிப்பகுதி உப்பியிருந்தால் அது மின்கலக் கோளாறு. மின்னேற்றுவதை அப்போதே நிறுத்திவிட வேண்டும்.